"உங்கள் ஒலிநயம் 72": கேடன்ஸுக்கு ஒரு சொல் வேண்டும்

வைகைக்கரையான் (திங்கள், இரவு 11.40)

குழுவினருக்கு வணக்கம்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான கைபேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தூரம், வேகம், ஏற்றம் எல்லாம் முடிந்தன. இதயத்துடிப்பைத் "துடிப்பு" என்று குறுக்கிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டேன். நான்கு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: கேடன்ஸ். ஒரு நிமிடத்தில் பெடல் எத்தனை முழுச்சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு. எனக்கு முன்பு யாரோ இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திரையில் "உங்கள் ஒலிநயம் 72" என்று வருகிறது. அடுத்த பக்கத்தில் "ஒலிநயம் குறைந்துவிட்டது, எளிய பல்லுக்கு மாறவும்". கியரைத்தான் பல் என்கிறது; பல் மருத்துவரிடம் அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

பெட்டியில் ஒற்றெழுத்தையும் சேர்த்து ஐந்து எழுத்துதான் நிற்கும். மீறினால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். வெள்ளி மாலைக்குள் அனுப்ப வேண்டும். கேடன்ஸ் என்றே எழுதிவிடு என்பவர்களுக்கு ஒரு செய்தி: இதைச் சோதித்துப் பார்ப்பவர் என் அப்பா. வயது 61. சர்க்கரைக்காக டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறார். "கேடன்ஸ் என்றால் என்னப்பா, பேட்டரியா?" என்றார்.

மிதிவேகம் என்று வைக்கலாமா?

காற்றாடி, உடுமலை (செவ்வாய், காலை 6.15)

தம்பி, மிதிவேகம் மட்டும் வேண்டாம். வேகம் வேறு, இது வேறு என்று புரியவைக்கத்தானே இந்த எண்ணையே காட்டுகிறார்கள்? அப்புறம் பெயரிலேயே குழப்பினால் எப்படி?

பதினொன்றாம் வகுப்பில் இதைச் செய்து காட்டுவேன். பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி வாசலிலேயே நிற்கிறது, வேறு கருவி எதற்கு? ஒருவன் ஓட்ட, மற்றவர்கள் அவனுடைய வலது முழங்கால் மேலே வருவதை மட்டும் 15 விநாடி எண்ண வேண்டும். நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. என் பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18, சக்கரம் 28 அங்குலம். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கியர் வண்டியில் பல்லை மாற்றிக்கொண்டால் அதே 60-க்குப் பதினொன்றுதான் வரும். கால் ஒன்றுதான், வேகம் இரண்டு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து ஒரு நாள் பள்ளிக்கு ஓட்டிப் பாருங்கள், முழங்காலே பாடம் நடத்தும். கனத்த கியரை நிமிடத்துக்கு 40 என்று அழுத்துவதைவிட, இலேசான கியரில் 75 என்று சுற்றினால் ஒவ்வொரு மிதிக்கும் கொடுக்கும் விசை குறைகிறது.

அதிர்வெண், அணுவெண் மாதிரி மிதியெண் என்று வைக்கலாம். நான்கே எழுத்து.

குடந்தைக் கிழார் (செவ்வாய், காலை 9.02)

அன்புடையீர், சொல்லின் வேரைப் பார்க்காமல் கிளையில் ஏறுகிறீர்கள். கேடன்ஸ் என்பது இலத்தீனத்தில் விழுதல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து இத்தாலியம் வழியாக வந்தது. எது விழுகிறது? அடி விழுகிறது. அடிக்குத் தமிழில் தாள். தாள் என்றால் முயற்சியும்கூட. "தாளாற்றித் தந்த பொருள்" என்ற குறளை எல்லாரும் அறிவீர்கள். காலும் முயற்சியும் ஒரே சொல்லில் கிடக்க, வெளியே ஏன் தேட வேண்டும்? தாளம் என்பதே தாளிலிருந்து பிறந்தது என்பது அடியேன் கொள்கை. ஆகவே தாளெண்.

இது பிடிக்கவில்லை என்றால் தாளத்தின் வழி வரும் தூக்கு இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் முப்பத்து நான்கு உறுப்புகளில் ஒன்று. சிலம்பின் அரங்கேற்று காதையிலும் பாணியும் தூக்கும் சேர்ந்தே வருகின்றன.

காற்றாடி, உடுமலை (செவ்வாய், காலை 10.20)

> ஆகவே தாளெண்

ஐயா, "தாள் எண் 2" என்று நேற்றுதான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தேர்வு நடக்கிறது. தூக்கு பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்; "உங்கள் தூக்கு 72" என்று அவர் அப்பா காலையில் பார்த்தால் என்ன ஆவது?

அப்புறம் தாளம் வடமொழியில் உள்ளங்கையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது என்றல்லவா படித்தேன்? தட்டுவது கையால்தானே?

குடந்தைக் கிழார் (செவ்வாய், காலை 10.31)

கை தட்டுவதற்கு முன்பே கால் ஆடிவிட்டது, ஐயா. விரிவாக இன்றிரவு எழுதுகிறேன்.

(அவர் அன்றிரவு எழுதியது நாலரைப் பக்கம். அதில் சைக்கிள் இல்லை. ஆகவே தனி இழையாகப் பிரித்துவிட்டேன். மட்டுறுத்துநர்.)

கொக்குவிலான், யாழ்ப்பாணம் (செவ்வாய், பிற்பகல் 2.45)

வணக்கம். மிதியெண் என்று சொல்கிற ஆசிரியருக்கு: நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்று படித்தோம். எங்கள் பௌதிகவியல் புத்தகத்தில் உங்கள் வேகம் கதி. உங்கள் திசைவேகம்தான் எங்களுக்கு வேகம். ஆகவே மிதிகதி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆனால் தமிழ்நாட்டில் கதி என்றால் அதோகதிதான் நினைவுக்கு வரும் என்று போன இழையிலேயே சிரித்தீர்கள், அதனால் நான் அழுத்தவில்லை. மிதிவீதம் என்று யாராவது சொல்வதற்குமுன் ஒன்று: எங்கள் செய்தித்தாள்களில் வீதம் என்றால் சதவிகிதம். 72 வீதம் மிதித்தவன் மிச்சம் 28 வீதத்துக்கு என்ன செய்வான்?

சைக்கிளை நாங்கள் எழுத்தில் துவிச்சக்கர வண்டி என்போம். வன்னியில் ஈருருளி என்றும், மோட்டார் சைக்கிளுக்கு உந்துருளி என்றும் வழங்கின.

மட்டுறுத்துநர்: ஈருருளியா மிதிவண்டியா என்ற பேச்சு இந்த இழையில் வேண்டாம். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்பத்தூரான் (செவ்வாய், இரவு 9.50)

என் அப்பா நாற்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் பேசலாம் என்று நினைக்கிறேன். ரிம், போக்ஸ் கம்பி, பெடல் கட்டை, ப்ரீவீல், கோன், பால்ரஸ். இவைதான் தமிழ்நாட்டில் சைக்கிளின் உறுப்புகள். இவற்றுக்குத் தூய தமிழ் செய்தவர்கள் எத்தனை பேர் பஞ்சர் ஒட்டியிருக்கிறார்கள்? பையன்கள் பாருக்குக் கீழே காலை நுழைத்து ஓட்டுவதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர் வைத்தது எந்தக் கலைச்சொல் குழு? மக்கள் கூப்பிடும்போது பெயர் தானாக வரும். அதுவரை கேடன்ஸ் என்றே இருக்கட்டும்.

தமிழே கூடாது என்று நான் சொல்லவில்லை. சக்கரம் நெளிந்தால் அப்பா "கோட்டம் எடுக்க வேண்டும்" என்பார். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடிப்பார். நெளிந்த இடம் மட்டும் சாக்பீஸில் உரசிக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு முறுக்குவார். மறுபடி சுற்று, மறுபடி கோடு. கோடே விழாத சுற்று வந்ததும் கையைத் துடைத்துக்கொள்வார். மூன்றாம் வகுப்பு படித்தவர்.

குடந்தைக் கிழார் (செவ்வாய், இரவு 10.04)

> "கோட்டம் எடுக்க வேண்டும்" என்பார்

ஆகா! ஆகா! நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொற்கோட்டம், உட்கோட்டம் என்று இரண்டைச் சொன்னார். மூன்றாவதாகச் சக்கரக் கோட்டத்தைத் தங்கள் தந்தையார் காப்பாற்றி வைத்திருக்கிறார். அவர் இருக்கிறாரா? அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கேடன்ஸ் பற்றிய தங்கள் கருத்தை மட்டும் ஏற்க மாட்டேன்.

அம்பத்தூரான் (செவ்வாய், இரவு 10.11)

இருக்கிறார், ஐயா. சொல்கிறேன். கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வைகைக்கரையான் (புதன், காலை 7.30)

நண்பர்களே, இப்போது பட்டியலில் இருப்பவை: மிதியெண், தாளெண், மிதிகதி. மிதியெண்தான் என் மனத்துக்கு நெருக்கம். ஆனால் "உங்கள் மிதியெண் 72" என்றதும் அப்பா, "என் வண்டிக்கு நம்பர் கொடுத்துவிட்டார்களா?" என்று கேட்டார். நடை என்று நேற்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். சைக்கிள் ஓட்டுபவனிடம் "உங்கள் நடை" என்றால் இறங்கித் தள்ளுகிறான் என்று பொருள். தாளத்திலும் நடை என்பது ஓர் அட்சரத்துக்குள் எத்தனை பிரிவு என்பதுதானே? எவ்வளவு விரைவு என்பதற்குக் காலப்பிரமாணம் என்று வேறு சொல் இருக்கிறது, அது பெட்டிக்குள் நுழையாது.

கொக்குவிலான் (புதன், காலை 11.05)

எண்ணப்படுவது சுற்று. அதையே சொல்லிவிடுங்களேன்: மிதிசுற்று.

குடந்தைக் கிழார் (புதன், நண்பகல் 12.00)

மிதிச்சுற்று. வல்லினம் மிகும்.

காற்றாடி, உடுமலை (புதன், நண்பகல் 12.40)

மிகாது, ஐயா. மிதித்த, மிதிக்கின்ற, மிதிக்கும் சுற்று. வினைத்தொகை. மிதிவண்டி எப்படியோ அப்படியே. அதிலும் ஒரு வசதி: இப்போதைய எண், நேற்றைய சராசரி, நாளைய இலக்கு மூன்றையும் செயலி ஒரே பெயரில் காட்டுகிறது. முக்காலமும் தொக்கி நிற்கிற தொகை இதைவிட எங்கே கிடைக்கும்?

குடந்தைக் கிழார் (புதன், பிற்பகல் 1.15)

அழகான வாதம், தவறான முடிவு. தம்பியின் சொற்பட்டியலில் பெடலுக்கு மிதி என்று ஏற்கெனவே இருக்கிறது. அங்கே மிதி பெயர்ச்சொல். மிதியினது சுற்று. ஆறாம் வேற்றுமைத்தொகை. ஆகவே மிதிச்சுற்று.

வைகைக்கரையான் (புதன், பிற்பகல் 1.22)

ச் வந்தால் ஆறு எழுத்து. பெட்டி வெட்டிவிடும்.

குடந்தைக் கிழார் (புதன், பிற்பகல் 1.30)

கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கித்தான் எண்ணுவோம். அப்படிப் பார்த்தால் நான்கே எழுத்து.

வைகைக்கரையான் (புதன், பிற்பகல் 1.33)

ஐயா, செயலிக்கு யாப்பு தெரியாது.

அறிவொளி அக்கா, புதுக்கோட்டை (புதன், இரவு 8.20)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுத நேரமில்லை. 1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தோம். தொண்டர்களில் நானும் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அது இல்லாததும் நல்லதாகப் போயிற்று: ஜென்ட்ஸ் வண்டியின் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள்.

கல்லுடைக்கும் பெண்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பயிற்சி. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடுவேன். "பத்து மிதி, கீழே பார்க்காமல்" என்பேன். பத்து வந்ததும் "இன்னும் ஒரு பத்து". பதினைந்தாவது மிதியில் கையை எடுத்துவிடுவேன், அவளுக்குத் தெரியாது. யாரும் சுற்று என்று எண்ணவில்லை, எண் என்று எண்ணவில்லை. எத்தனை மிதி என்றுதான் எண்ணினோம். நீங்கள் தேடுவது அதுதானே?

வைகைக்கரையான் (புதன், இரவு 8.41)

அக்கா, நன்றி. மிதி என்று வெறுமனே வைத்தால் பெடலோடு மோதும். "மிதி 72" என்றால் 72 மிதி வாங்கினவன் மாதிரியும் இருக்கும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் திரையைத் திறந்தேன். மேல் பெட்டியில் "துடிப்பு 118" என்று நிற்கிறது. யாரும் அதைத் துடிப்பெண் என்று கேட்கவில்லை, துடிப்புவீதம் என்று கேட்கவில்லை. நிமிடத்துக்கு என்பது சொல்லாமலே புரிகிறது. அதற்குக் கீழே "மிதிப்பு 72" என்று தட்டிப் பார்த்தேன். அப்பாவிடம் காட்டினேன். "காலா?" என்றார். அவ்வளவுதான்.

குடந்தைக் கிழார் (புதன், இரவு 9.10)

துடிப்பு, மிதிப்பு. இயைபுத் தொடை. செவிக்கு நன்று. தாளெண்ணைக் கைவிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

அம்பத்தூரான் (புதன், இரவு 9.25)

இது பரவாயில்லை. ஆனால் விசைப்பலகையில் ஒரு மேல்விலங்கு (ி) விட்டுப்போனால் "உங்கள் மதிப்பு குறைந்துவிட்டது" என்று வரும். மேடேறிக்கொண்டிருக்கிறவனுக்கு அது தேவையா?

கொக்குவிலான் (வியாழன், காலை 5.55)

எனக்கு மனம் ஒப்பவில்லை. மிதிப்பு என்றால் ஒரு கால் ஒரு தரம் அழுத்துவது. வலது அழுத்தினால் ஒன்று, இடது அழுத்தினால் இன்னொன்று. ஒரு சுற்றுக்கு இரண்டு மிதிப்பு. செயலி காட்டுவது சுற்று. அப்படியானால் 72 என்பது உண்மையில் 144 மிதிப்பு. அக்கா பத்து என்று எண்ணியதும் இரண்டு காலையும் சேர்த்துத்தானே?

அறிவொளி அக்கா, புதுக்கோட்டை (வியாழன், காலை 9.00)

இரண்டு காலும்தான். முழுச்சுற்று சுற்றத் தெரிந்திருந்தால் நான் எதற்குப் பின்னால் ஓடப் போகிறேன்!

காற்றாடி, உடுமலை (வியாழன், இரவு 7.30)

யாழ்ப்பாணத்தார் சொல்வது சரி. இதயமும் "லப்-டப்" என்று இரண்டு ஒலி எழுப்புகிறது, ஒரு துடிப்பு என்றே எண்ணுகிறோம் என்று சமாதானம் சொல்லலாம். சமாதானம்தான். உதவிப் பக்கத்தில் "மிதிப்பு: ஒரு காலின் முழுச்சுற்று" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வினைத்தொகைதான் என்பதில் நான் மாறவில்லை.

மட்டுறுத்துநர் (வெள்ளி, காலை 10.00)

வாக்கெடுப்பு முடிந்தது. மிதிப்பு ஐந்து. மிதிசுற்று ஒன்று. மிதிச்சுற்று ஒன்று, இவ்விரண்டையும் கூட்டக் கூடாது என்று இருவருமே எழுதியிருக்கிறார்கள். தாளெண் ஒன்று. "கேடன்ஸ்" என்று எழுதி அடித்துவிட்டு மிதிப்புக்கு வாக்களித்த நண்பருக்கு நன்றி.

வைகைக்கரையான் (வெள்ளி, மாலை 5.48)

அனுப்பிவிட்டேன். உதவி வரி இடமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள். எல்லாருக்கும் நன்றி.

கொக்குவிலான் (சனி, காலை 6.40)

இன்று காலை கொக்குவிலிலிருந்து டவுனுக்குப் போய் வரும்போது நானே எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 52 சுற்று, இரண்டு காலுக்கும் 104 மிதிப்பு. உங்கள் செயலியை இறக்கினால் எது காட்டும், தம்பி?