பழைய கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்ட ஆயாவின் படங்கள்

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். 2007இல் அப்பா வாங்கிய கம்ப்யூட்டர், தறி இருந்த அறையிலேயே ஒரு மூலையில் இருந்தது. கேமராவில் எடுத்ததையெல்லாம் அப்பா அதில்தான் ஏற்றி வைப்பார். ஏற்காடு ஏரியில் படகில் போனது, எங்கள் ஊர் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்கு நடக்கும் வண்டி வேடிக்கையில் சிவன் வேஷம் கட்டி நின்ற சித்தப்பா, எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் அம்மா, எங்கள் ஆயா. ஆயா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சுவரில் மாட்டியிருப்பது வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதில் ஆயா ஆயா மாதிரியே இருக்காது.

போன ஆடியில் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். ஒரு கடையில் கொடுத்தோம். "ஃபார்மட் அடிச்சுப் புது விண்டோஸ் போட்டுப் பார்க்கலாம்" என்றார்கள். கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. கையோடு பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்பதால் படங்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. அவை இருப்பது ஹார்டு டிஸ்க்கில். ஃபார்மட் அடித்து விண்டோஸ் ஏற்றினால்தான் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டு நிஜமாகவே போகும்.

வீட்டில் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே பஞ்சு. நூல் பிசிறும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளில் அப்பியிருந்தன. நடுவில் மாம்பழ மஞ்சளும் அரக்குமாக இழைகள்கூடத் தெரிந்தன. மதர்போர்டில் மூன்று கெபாசிட்டர்களின் (மின்சாரத்தைச் சீராக்கும் சின்ன உருளைகள்) தலை உப்பியிருந்தது. அப்படி உப்பினால் அவை கெட்டுவிட்டன என்று அர்த்தம். சரி, பெட்டியை விட்டுவிடலாம், டிஸ்க்கை மட்டும் எடுப்போம் என்று நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

80 ஜிபி, பட்டை ஒயர் மாட்டும் 40 பின் ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க். இப்போது கடையில் சாதாரணமாகக் கொடுக்கும், புது வகை டிஸ்க்குக்கான சாட்டா கேபிள் இதற்குப் பொருந்தாது. இரண்டுக்கும் சேர்ந்த யூஎஸ்பி கன்வெர்ட்டராக, தனி அடாப்டரோடு கேட்டு வாங்குங்கள். இந்தப் பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், சாதாரண யூஎஸ்பியில் அது வராது. டிஸ்க்கின் பின்பக்கம் பின்களில் செருகியிருக்கும் ஜம்பர் என்ற சின்னக் கிளிப்பையும் 'மாஸ்டர்' என்று குறித்த இடத்தில் வைத்தேன்.

கரண்ட் கொடுத்ததும் காதைப் பக்கத்தில் கொண்டு போனேன். டக் டக் என்று தட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். உள்ளே படிக்கும் முனையான ஹெட் கெட்டிருந்தால், ஓட்ட ஓட்டப் படங்கள் பதிந்திருக்கும் தட்டையே கீறிவிடும். எங்களுடையது சீராகச் சுற்றியது.

அப்பாவின் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வந்தது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் அவர் பாஸ்வேர்டு போட்டிருந்தார். ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டிக்குப் போய் ஓனரை என் பெயருக்கு மாற்றியதும் திறந்துகொண்டது. சில படங்களில் காப்பி அப்படியே நின்றுவிட்டது. அவற்றோடு மல்லுக்கட்டாமல் நன்றாக வருவதை முதலில் எடுத்தேன். எப்போதோ அழிந்துபோனவற்றுக்காக போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். அது எடுப்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். பழைய பெயர்கள் வராது, வெறும் எண்கள்தான்.

காலையில் அந்த எண்களுக்கு நடுவே ஆயா இருந்தது. ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுகிறது, அதாவது தறிக்கான நூலைக் குச்சியில் சுற்றுகிறது. ஒரு கை சக்கரத்தில், இன்னொரு கையில் நூல், வெற்றிலை அதக்கிய கன்னம். யாரோ கூப்பிட்டதுபோல் பாதி திரும்பிய முகம். அப்படியேதான் இருக்கும் ஆயா.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். முதலில் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் ஆயாவுக்குப் பின்னால் தறியில் பாதி நெய்திருந்த சேலையைத் தொட்டார். "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். இது உன் அத்தை கல்யாணத்துக்கு நெய்தது. அம்மாதான் தார் சுத்திக் குடுத்துச்சு" என்றார்.

அந்த வாரமே பிரிண்ட் போட்டோம். சுவரில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது. எடுக்க முடிந்த படங்கள் எல்லாம் அத்தை வீட்டில் ஒரு காப்பி, எங்களிடம் ஒரு காப்பி. டிஸ்க்கையும் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். காப்பி ஆகாமல் நின்ற சில படங்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன.