வீட்டில் எல்லோரும் ஒரே சின்னம். என் அரசியல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருக்கடலூர்_மகள்:

வயது 24. திருகோணமலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் டியூசன் கொடுக்கிறேன். அப்பா திருக்கடலூரில் கடற்றொழில். எங்கள் வீட்டில் யாருக்கு வாக்கு என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அப்பப்பா காலத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன், அப்பா காலத்தில் தமிழரசுக் கட்சியின் வீடு. 1977இல் எங்கள் திருகோணமலைத் தலைவர் சம்பந்தன் ஐயா முதன்முதலாகப் பாராளுமன்றம் போன கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஐயா 2024இல் காலமானார். அதே வருடம் நவம்பரில் தேர்தல் வந்தபோது தம்பி தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி என்றான். அம்மா அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவே கொஞ்ச நாள் எடுத்தது. நான் வீட்டுக்குத்தான் போட்டேன். ஆனால் ஏன் என்று தம்பி கேட்டபோது "எங்கட ஆட்கள்" என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். காணி, பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொலிஸ் நிலையத்தில் என் முறைப்பாட்டை என் மொழியில் எழுத வேண்டும். இதில் நான் முழுக்க அப்பாவின் மகள். சுருக்குவலை, அதாவது மீன்கூட்டத்தையே வளைத்து அள்ளும் பெரிய வலை, அந்தப் பிரச்சினை என்று வந்தால் கதை வேறு. எங்கள் கரையில் அந்தச் சண்டையின் இரண்டு பக்கத்திலும் நிற்பது எங்கள் ஆட்கள்தான். இரண்டு பக்கமும் வாக்குப் போடுகிறது என்பதால் மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் சின்ன வலைக்காரன் பக்கம். சீதனம், பெண் வேட்பாளர்களைப் பெயருக்குப் போடுவது, டியூசன் இல்லாமல் சோதனை பாஸ் பண்ண முடியாத பள்ளிக்கூடம், இவற்றில் அப்பாவோடு ஒத்துப்போகவே மாட்டேன்.

இணையத்தில் இடதா வலதா என்று சொல்லும் கேள்விக்கொத்து ஒன்றும் செய்து பார்த்தேன். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பற்றிக் கேட்டது. தொல்லியல் திணைக்களம் எல்லைக்கல் போட்ட வயலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கடைசியில் "மிதமான இடது" என்று வந்தது. அதை வைத்துக்கொண்டு இங்கே எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடுவது?

மாகாணசபைத் தேர்தல் எப்போது வந்தாலும், அதற்கு முன் எனக்கென்று ஒரு பதில் வேண்டும். நீங்கள் எப்படி உங்கள் நிலைப்பாட்டுக்கு வந்தீர்கள்?

பழைய_எழுதுவினைஞர்:

மகள், நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிக் கடமை செய்தவன். நீங்கள் யார் என்ற கேள்வியையும் யாருக்கு வாக்கு என்ற கேள்வியையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். முதலாவது உங்களுடையது. இரண்டாவதில் பாதி, தேர்தல் முறையின் கணக்கு. கணக்கு ரீச்சருக்கு இது கஷ்டமாக இருக்காது.

எங்கள் மாவட்டத்துக்கு நாலே நாலு ஆசனம். கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு போனஸ் ஒன்று போய்விடும். 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்களைக் கழித்துவிட்டு மிச்ச மூன்றையும் விகிதப்படி பிரிப்பார்கள். 2004இல் வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இங்கே 2 ஆசனம் எடுத்தது. 2010, 2015, 2020 மூன்றிலும் 1. 2024இல் தேசிய மக்கள் சக்தி 2, ஐக்கிய மக்கள் சக்தி 1, தமிழரசுக் கட்சி 1. இவ்வளவு சின்ன மாவட்டத்தில் கொஞ்ச வாக்குப் பிரிந்தாலே ஆசனம் கைமாறும். அப்பாவின் பயம் அதுதான். பழைய ஆட்களின் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் சீட்டில் கட்சிக்குக் கீழே இலக்கங்களும் இருக்கின்றன. மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். அப்பாவின் கட்சிக்கே புள்ளடி போட்டுவிட்டு, சுருக்குவலை பற்றி வாய் திறந்த ஆளுக்கு விருப்பு வாக்கைக் கொடுக்கலாம். எத்தனையோ பேர் கட்சிக்கு மட்டும் போட்டுவிட்டு எழும்பி வருவார்கள், எனக்கு வயிறு எரியும்.

ஜனாதிபதித் தேர்தல் வேறு மாதிரி. அங்கே 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். 2024 செப்டம்பரில் ஒருவரும் பாதியைத் தாண்டாததால் முதல் தடவையாக இரண்டாம் விருப்பையும் எண்ணினார்கள். மனசுக்குப் பிடித்தவருக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடியவர்களில் பரவாயில்லாதவருக்கு 2 போட அதில் வழி இருக்கிறது. உள்ளூராட்சியில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். பெண்களுக்கு 25 வீதம் சட்டத்திலேயே ஒதுக்கியிருக்கிறது. பெயருக்குப் போடுகிறார்கள் என்ற உங்கள் கோபத்தை அங்கே காட்டுங்கள். வட்டாரத்துக்கு நிற்பவரை நேரிலேயே பிடித்துக் கேட்கலாம்.

கிண்ணியா_தம்பி:

அக்கா, எங்கள் வீட்டில் முஸ்லிம் காங்கிரஸின் மரம். வீட்டில் நடக்கிற சண்டை மட்டும் அப்படியே உங்கள் வீட்டுச் சண்டைதான்.

என்னை மாற்றியது எங்கள் கிண்ணியாவில் உள்ள குறிஞ்சாக்கேணி. 2021 நவம்பரில் அங்கே மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மௌத்தானார்கள். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடம். அன்றைக்கு ஊரே எல்லா அரசியல்வாதியையும் ஏசியது, நானும் ஏசினேன். பிறகுதான் யோசித்தேன்: பாலம் யாருடைய வேலை, படகுக்கு அனுமதி கொடுப்பது யார், பாதுகாப்பைப் பார்க்க வேண்டியது யார்? தெரியாமல் எல்லோரையும் ஏசினால் எல்லோரும் தப்பிவிடுவார்கள்.

அதனால் இப்போது எனக்குக் கோபம் வரும் ஒவ்வொரு விடயத்துக்கும் அது யார் கையில் என்று முதலில் பார்க்கிறேன். வடிகான், குப்பை, தெருவிளக்கு உள்ளூராட்சி. கூடுதலான பள்ளிக்கூடங்கள் மாகாணம், தேசிய பாடசாலை என்றால் கொழும்பு. உங்கள் சுருக்குவலைக்கு அனுமதி கொடுப்பது கடற்றொழில் திணைக்களம், அது மத்திய அரசு. ஆகவே அதை வட்டார வேட்பாளரிடம் கேட்டு வேலையில்லை, பாராளுமன்றம் போகிறவரிடம்தான் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது, தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள். பதில் வருகிற விதத்திலேயே நிறைய விளங்கும்.

உவர்மலை_வாசகி:

எல்லோரும் நல்லாத்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் வந்த 1956இலேயே, ஆகஸ்டில், இந்த ஊரில் மாநாடு கூடித்தான் தமிழரசுக் கட்சி சமஷ்டி (கூட்டாட்சி) கேட்டது. அது இன்னும் வரவில்லை. கிழக்கில் மாகாணசபைத் தேர்தல் 2012க்குப் பிறகு நடக்கவே இல்லை. இந்த நிலையில் ஒவ்வொரு விடயமாகப் பிரித்துப் பிரித்து வாக்களிப்பது பெரும்பான்மைக்குக் கட்டுப்படியாகும். நாங்கள் பிரிந்தால் கேட்க ஆளே இருக்காது. தங்கச்சி, "எங்கட ஆட்கள்" என்பதும் ஒரு காரணம்தான். அதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அதற்காக அனுப்பிய ஆளைச் சும்மா விடச் சொல்லவில்லை. பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்திலேயே கிடக்கிறது, பேசிய மொழியிலேயே அச்சாகும். எங்கள் மாவட்ட உறுப்பினர் நாலு பேரின் பெயரையும் தேடி வாசியுங்கள். மேடைப் பேச்சுக்கும் அதற்கும் உள்ள தூரம் தெரியவரும்.

திருக்கடலூர்_மகள்:

எல்லோருக்கும் நன்றி. உவர்மலை அக்கா, நீங்கள் சொன்னதை இரவு முழுக்க யோசித்தேன். சமஷ்டி வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் சமஷ்டி வரும்வரைக்கும் சின்ன வலைக்காரன் பொறுத்திருக்க வேண்டும் என்றால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. சமஷ்டி வந்த பிறகும் சுருக்குவலை முதலாளி முதலாளியாகத்தான் இருப்பார். எனக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும். அதிகாரம் இங்கே வரவேண்டும், வந்த அதிகாரம் கரையில் நிற்கிற கடைசி ஆளுக்கும் போக வேண்டும். என் அரசியல் இதுதான் என்று இப்போதைக்குச் சொல்லலாம் போல இருக்கிறது. தம்பியிடமும் அப்பாவிடமும் இதையே சொன்னேன். அப்பா மறுத்துப் பேசவில்லை, "வலையைப் பற்றி ஆர் கேட்கிறான் எண்டு பார்ப்பம்" என்றார்.

அப்புறம் ஒரு கேள்வி. போன வருடத்திலிருந்து உப்புவெளியில் வாடகைக்கு இருக்கிறேன். பெயர் இன்னும் திருக்கடலூர் வாக்காளர் இடாப்பில்தான். மாற்ற வேண்டுமா?

பழைய_எழுதுவினைஞர்:

வழமையாக எங்கே இருக்கிறீர்களோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும், மகள். இடாப்புத் திருத்தும் காலத்தில் உப்புவெளி கிராம சேவகரிடம் சொல்லிப் பதியுங்கள். பழைய இடத்துக் கிராம சேவகருக்கும் சொல்லிவிடுங்கள். பாராளுமன்றத்துக்கு இதனால் ஒன்றும் மாறாது, இரண்டும் திருகோணமலைத் தொகுதி. உள்ளூராட்சிக்கு மாறும். உப்புவெளி பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகிறது. திருக்கடலூர் நகர எல்லைக்குள். அங்கே யார் யார் உறுப்பினர் என்று இனிப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.