மறுமொழி: வாட்டர் சாஃப்ட்னருக்குத் தமிழ்ச்சொல் – 'உப்புநீக்கி' வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கிணறும் போர்வெல்லும் வைத்திருக்கிற வீடுகளுக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதலாம் என்று தொடங்கிய இழை இது. வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். வாட்டர் சாஃப்ட்னருக்கு, அதாவது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரை மென்மையாக்குகிற கருவிக்கு, வந்த பெயர்களில் ஒன்றை மட்டும் அழுத்தமாக மறுக்க வேண்டியிருக்கிறது.

> 'உப்புநீக்கி' என்றால் எல்லாருக்கும் புரியும். குழாயில் வெள்ளையாகப் படிவதை உப்பு என்றுதானே சொல்கிறோம்?

சொல்கிறோம், உண்மைதான். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று எங்கே கேட்டாலும் ஷவரை அடைக்கிற வெள்ளைப் பொருக்கும் உப்பு, வாயில் கரிக்கிற தண்ணீரும் உப்பு. ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள்கள். பொருக்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கரிப்பது சோடியம் குளோரைடு. நாம் பெயர் வைக்கப் போகிற கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. கரிப்பை அது தொடுவதே இல்லை.

வேறு ஊர் என்றால் இந்தக் குழப்பம் பெரிதாகப் படாமல் போகலாம். மீஞ்சூரில் அப்படி விட முடியாது. ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளிலிருந்து பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் அங்கே கடல்நீர் உள்ளே ஏறியிருக்கிறது. பல கிணறுகளில் கடினமும் கரிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த வீட்டுக்காரரிடம் 'உப்புநீக்கி' என்று சொல்லி ஒரு கருவியை விற்றால், குடிக்கிற தண்ணீர் கிடைக்கும் என்று நம்பித்தான் வாங்குவார். மாட்டிய பிறகு டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டுவது) விட்டுப் பார்த்தால் எண் இறங்கியிருக்காது, கொஞ்சம் ஏறிக்கூட இருக்கும். 40 கிராம் கால்சியம் போன இடத்தில் 46 கிராம் சோடியம் வருகிறது, அதனால்தான். கருவி கெட்டுப்போய்விட்டது என்று சண்டைக்குப் போவார். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது, பெயர்தான் தப்பு. அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டிலில் தண்ணீரும் சிறு துண்டு சோப்பும் போட்டுக் குலுக்கினால் போதும், நுரையே சொல்லிவிடும்.

இன்னொன்று. 2010-இல் காட்டுப்பள்ளியில் திறந்த, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்கான நிலையம் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) முறையில் அமைந்தது. உண்மையில் உப்பை நீக்குகிற வேலை அதுதான். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை 'மென்னீராக்கி'. பள்ளிப் பாடநூலில் கடின நீருக்கு எதிராக மென்னீர் என்ற சொல் முன்பே இருக்கிறது, படித்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. அதைவிட முக்கியமாக, மென்னீர் வேறு, நன்னீர் வேறு என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுத முடியும். சோப்பு நுரைக்கும், துவரம்பருப்பு வேகும், ஹீட்டரில் பொருக்குக் கட்டாது: இது மென்னீர். வாயில் ஊற்றலாமா என்பது தனிக் கேள்வி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500) கடினத்தன்மைக்கு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை என்றும் சொல்கிறது. அந்த 600-ஐ முழுக்க நீக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 276 மில்லிகிராம் சோடியம் கூடும். நாளைக்கு மூன்று லிட்டர் குடிப்பவர் உடம்பில் இரண்டு கிராமுக்கு மேல் சமையல் உப்புக்குச் சமமானது இதனால் மட்டும் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. சமையலறைக் குழாய் ஒன்றையாவது கருவிக்கு முன்னாலேயே பிரித்துவிட வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

'கடினநீக்கி'யிலும் தவறில்லை. ஆனால் வன்மைக்கு எதிர் மென்மை என்று காதுக்கு உடனே பிடிபடுவதால் மென்னீராக்கியே மேல் என்று நினைக்கிறேன். கருவிக்குள் கால்சியத்தைப் பிடித்துச் சோடியத்தை விடுகிற ரெசினுக்குப் 'பிசின்' வேண்டாம், பசை என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பவை சின்னச் சின்ன மணிகள். 'பரிமாற்று மணிகள்' என்று எழுதலாம், பிளம்பரிடம் ரெசின் என்றே கேட்கட்டும்.

> ரீஜெனரேஷன் = புத்துயிரூட்டல்?

இங்கேதான் நான் கூடுதலாக நேரம் செலவழித்தேன். மணிகள் சாவதில்லை. அவற்றில் சோடியம் தீர்ந்து கால்சியமும் மக்னீசியமும் நிறைந்துவிடுகின்றன. அடர்ந்த உப்புக் கரைசலை ஊற்றினால் சோடியம் மறுபடி ஏறுகிறது, மற்றவை கழன்று வெளியேறுகின்றன. ஆகவே 'மீளேற்றம்'. பேட்டரிக்கு மின்னேற்றம் என்று பழகிவிட்ட காதுக்கு இது எளிதாக ஒட்டும்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. மீஞ்சூர் மண்ணுக்கு அடியில் நடப்பதும் ஏறத்தாழ இதேதான். கடல்நீர் உள்ளே வரும்போது அதிலுள்ள சோடியத்தைக் களிமண் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த கால்சியத்தை நீரில் விடுகிறது. கரிப்போடு கடினமும் கூடுவதற்கு அது ஒரு காரணம். (கடல்நீரிலேயே மக்னீசியம் மிகுதி என்பது மற்றொன்று.) 1850-இல் இங்கிலாந்தில் இப்படி ஒன்றைப் பிடித்து மற்றொன்றை விடுகிற அயனிப் பரிமாற்றத்தை முதலில் ஆராய்ந்து எழுதியதும் வயல் மண்ணில் நடந்ததைப் பார்த்துத்தான். இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் பொருந்தினால், படிப்பவருக்குத் தன் கிணற்றில் நடப்பதும் தன் வீட்டுக் கருவியில் நடப்பதும் சேர்ந்தே புரியும்.

அப்புறம், பரிந்துரைகளில் யாரும் தொடாத ஒன்று: மீளேற்றத்தில் வெளியேறுகிற தண்ணீர். கருவி வைத்திருப்பவர்கள் பலர் அதைத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிடுகிறார்கள், தண்ணீர் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில். அதில் குளோரைடும், மணிகளில் ஏறாமல் மிஞ்சிய சோடியமும் ஏராளம். களிமண் தோட்டத்தில் தொடர்ந்து விட்டால் மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். கிணற்றுக்குப் பக்கத்தில் உறிஞ்சுகுழி வெட்டி விட்டால் அதே உப்பு கிணற்றுக்கே திரும்பி வரும். இதற்கு ஒரு பெயர் இருந்தால்தான் கையேட்டில் தனித் தலைப்பாக எழுத முடியும், தலைப்பு இருந்தால்தான் வீட்டுக்காரர் கவனிப்பார். 'கழிவுநீர்' என்றால் சாக்கடை ஆகிவிடும். 'கழியுவர்' என்று எழுதிப் பார்த்தேன், பேச்சில் நிற்காது என்று படுகிறது. 'உவர்க்கழிவு' பரவாயில்லை. பொன்னேரிப் பக்கம் விவசாயம் பார்க்கிற குடும்பத்தார் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உவர் ஏறிய நிலத்தில் வடிகிற தண்ணீரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லி அழைப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.