தலையில் வலியில்லாத வீக்கம்: மண்டை ஓட்டு டி.பி. பார்த்தவர்கள் பகிருங்கள்

என் தங்கை மகளுக்கு ஆறு வயது. நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வீக்கம். தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் வலியோ சூடோ இல்லை. விளையாடும்போது விழுந்திருப்பாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் கீறிச் சீழை வெளியேற்றினார்கள், ஆனால் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. புண் மூடவே இல்லை, கசிந்துகொண்டே இருந்தது.

அப்புறம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சி.டி. எடுத்தார்கள். நெற்றி எலும்பில் வட்டமாக ஓட்டை, நடுவில் செத்த எலும்புத் துண்டு ஒரு பொத்தான் போல. வேறு நோய்களும் எலும்பை இப்படி அரிக்குமாம், அதனால் சதை எடுத்துப் பார்த்தார்கள். டி.பி. என்று உறுதியானது. எலும்பு டி.பி.யிலேயே மண்டை ஓட்டில் வருவது நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு அபூர்வம். வருபவர்களில் பெரும்பாலோர் இருபது வயதுக்குள் இருப்பவர்கள் என்றார் டாக்டர்.

முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 10 மாதம் மூன்று. எல்லாமே இலவசம். இப்போது புண் ஆறிவிட்டது, பிள்ளை பள்ளிக்குப் போகிறாள்.

---

அக்கா, நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். பரிசோதனைக்கு அனுப்பவில்லை என்று நீங்கள் சொன்ன அந்தச் சீழ்தான் முக்கியம். சதையும் அப்படித்தான். அறுவை சிகிச்சையில் எடுக்கும் சதை முழுவதையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுவிட்டால் கிருமி வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியை நார்மல் சலைனில் (உப்பு நீர்) தனியாக அனுப்ப வேண்டும். பெற்றோர் தயங்காமல் கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதில்தான் தெரியும்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது இருமுகிறார்களா? குழந்தைக்கு டி.பி. பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் வருகிறது.

---

ஆமாம் தங்கச்சி, குழந்தையின் தாத்தா இருமினார். சளி பரிசோதித்ததில் அவருக்கும் டி.பி. இருந்தது. இப்போது மருந்து சாப்பிடுகிறார்.

---

என் மகனுக்குக் காதுக்கு மேலே எலும்பில் வந்தது. மருந்தைவிடப் பள்ளிதான் எங்களை வாட்டியது. தனியாக உட்கார வைத்தார்கள். நுரையீரலில் நோய் இல்லை, மூச்சால் பரவாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகே பழைய இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தை மருந்து தொடங்கும் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மாத்திரையால் வருவது. டி.பி. நோயாளிகள் சத்தாகச் சாப்பிட அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரத்தைச் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.