வாந்தியில் தொடங்கி வாய் இழுப்பில் வந்து நின்றது

என் மகனுக்கு முதல் வலிப்பு வந்தபோது 4 வயது, அது வலிப்பு என்றே அப்போது எங்களுக்குத் தெரியாது. கானாடுகாத்தானில் மாமியார் வீட்டில், இரண்டாங்கட்டில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நடுராத்திரி எழுந்து "அம்மா, குமட்டுது" என்றான், ஆத்தங்குடி டைல்ஸ் தரையெல்லாம் வாந்தி. சாயங்காலம் தின்ற கந்தரப்பம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று துடைத்துக்கொண்டிருக்கும்போதே முகம் வெளுத்து, கண் இரண்டும் இடது பக்கம் போய் அப்படியே நின்றுவிட்டது. கை கால் உதறவே இல்லை, கூப்பிட்டால் பதிலும் இல்லை. இருபது நிமிடமாவது இருக்கும். மறுநாள் காட்டிய இடத்தில் அஜீரணத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே மாதிரி. அப்பத்தா பதறிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அது. மதுரைக்குக் கொண்டுபோய், தூங்கவைத்து இஇஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) எடுத்தபோதுதான் இது வலிப்பு, பனயோட்டோபோலஸ் வகை என்றார்கள். ஒரு கிரேக்க மருத்துவரின் பேராம். வாந்தியும் வெளுப்பும்தான் இதில் முக்கிய அடையாளம்.

அப்புறம் மூன்று வருடம் ஒன்றுமில்லை. 7 வயதில் ஒரு விடியற்காலை, பார்த்தால் வாயின் ஒரு ஓரம் மட்டும் துடிக்கிறது, எச்சில் தலையணையில் வழிகிறது. நினைவு இருக்கிறது, என்னைப் பார்க்கிறான், பேச முடியாமல் விரலால் வாயைக் காட்டுகிறான். அந்த விரலை என்னால் மறக்க முடியாது. இந்த முறை டாக்டர் ரோலாண்டிக் வலிப்பு என்றார், முகமும் வாயும் இழுக்கும் வகை. அப்போ முதலில் சொன்னது தப்பா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். தப்பில்லை, இந்த இரண்டும் நெருங்கிய உறவு, ஒரே பிள்ளைக்கு ஒன்றன்பின் ஒன்றாகவும் வரும், இரண்டின் அடையாளங்கள் கலந்தும் வரும், பெரும்பாலும் பதின்ம வயதுக்குள் நின்றுவிடும் என்று பொறுமையாக விளக்கினார்.

அதனால் பேர் மாறுகிறதே என்று டாக்டரை மாற்றாதீர்கள். மருந்தையும் நீங்களாக மாற்றாதீர்கள், சில வகை வலிப்பில் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் வலிப்பு கூடிவிடும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணி பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயை அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கூட யாராவது இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு என் நாத்தனார் எடுத்த 40 விநாடி வீடியோவைப் பார்த்துத்தான் டாக்டர் ரோலாண்டிக்காக இருக்கும் என்றார், அடுத்து எடுத்த இஇஜி அதை உறுதி செய்தது.