கடலுக்கு அடியில வெள்ளீயம் தோண்டின ஊர்: கண்டவை எழுதுங்கோ

அலைகரை (வெள்ளவத்தை):

நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க எங்கட பித்தளைச் சாமானுக்கு ஈயம் பூச ஒரு ஐயா வருவார். துருத்தி, கரி, நவச்சாரம், ஒரு பொத்தல் துணி. சூடேறின பானைக்குள்ள ஈயத்தைத் தேய்ச்சு, துணியால ஒரு சுத்து சுத்தினா உள்பக்கம் முழுக்க வெள்ளையாகிப் போகும். அந்த ஈயம், அதான் வெள்ளீயம், எந்த மண்ணுக்குள்ள இருந்து வருது எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை.

போன வருசம் மகளிட்டப் போனபோது இங்கிலாந்தின்ர தென்மேற்கு நுனி, கோர்ன்வாலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. ரயில் பாதைக்கு அங்கால கடலைப் பார்த்தே வளந்தவள் நான். அந்தக் கடல் வேற. கறுத்த பாறை செங்குத்தா நிக்குது, கீழ அலை அடிக்கிற சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. அந்தப் பாறையின்ர அடியில, அலைக்குக் கொஞ்சம் மேல, புகைபோக்கியோட ரெண்டு கல்வீடு. பொட்டலக் எண்ட சுரங்கத்தின்ர எஞ்சின் வீடுகள். அங்க இருந்து சுரங்கம் கடலுக்கு அடியால அரை மைல் அளவுக்குப் போயிருக்கு. புயல் நாளில கடலடிக் கற்கள் உருளுற சத்தம் தலைக்கு மேல கேக்குமாம், வேலை செய்தவை அதைக் கேட்டுக்கொண்டுதான் செம்பும் வெள்ளீயமும் வெட்டினவை.

மேல இன்னொரு இடம், வளைஞ்சு வளைஞ்சு போற புகைப்பாதை. தாதுக்கல்லை வறுக்கேக்க வாற பாஷாணம் (ஆர்செனிக் நஞ்சு) அதுக்குள்ள படியும். அதைச் சுரண்டி எடுத்த ஆக்கள் முகத்தில களிமண் பூசி, மூக்குக்குள்ள பஞ்சு அடைச்சுக்கொண்டுதான் உள்ள போவினமாம். மகள் சொல்ல, நான் அந்தச் சுவரைத் தொடாமலே நிண்டன்.

ஆனா என்னை உலுக்கினது பக்கத்தில இருக்கிற லெவன்ற் சுரங்கம். 1820இல தொடங்கினது, கடலுக்கு அடியில ஒரு மைலுக்கும் மேல போனது. ஆக்கள் ஏறி இறங்க அங்க ஒரு யந்திரம் இருந்தது. குழிக்குள்ள நீளமான மரத்தண்டு, அதில 12 அடிக்கு ஒரு படி. தண்டு 12 அடி மேல போகும், 12 அடி கீழ வரும். மேல போனதும் சுவர்ப்பக்கத் தட்டில காலை வைக்கவேணும், தண்டு இறங்கி வந்ததும் அடுத்த படியில ஏறவேணும். இருட்டுக்குள்ள, களைச்சுப்போன உடம்போட, இப்படியே மேல வரைக்கும். 1919 ஒக்டோபர் 20, வேலை முடிஞ்சு நூற்றுக்கு மேற்பட்டவை தண்டில நிக்கேக்க, உச்சியில தண்டைப் பிடிச்சிருந்த இரும்பு முறிஞ்சது. 31 பேர் செத்தவை. அதுக்குப் பிறகு ஆழமான மட்டங்களை அப்படியே விட்டிட்டினம். 1930இல சுரங்கமே மூடப்பட்டது.

அந்தக் குழிக்கு அவை நடந்து போன பாதையால எங்களையும் கூட்டிக்கொண்டு போனவை. குனிஞ்சு பார்த்தன். ஈரக்காத்து மட்டும் மேல வந்தது.

ஆரும் இப்படி இடங்களுக்குப் போயிருந்தா எழுதுங்கோ.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அம்மா, இத வாசிச்சதும் எங்க குடும்பக் கதைதான் ஞாபகம் வந்திச்சு. எங்க தாத்தா வட ஆர்க்காட்டுல இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரு. அவரோட அண்ணன் கோலார் தங்கவயலுக்குப் போனாரு. அது கடற்கரை இல்லதான், ஆனா நீங்க சொல்ற ஊருக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. 1866இல செம்பு விலை விழுந்ததும் கோர்ன்வால் ஆளுங்க வேலை தேடி அவுஸ்திரேலியா, மெக்சிக்கோன்னு கெளம்பினாங்க. 1880இல ஜோன் டெய்லர்ங்கிற இங்கிலாந்துச் சுரங்கக் கம்பனி கோலாருக்கு வந்தப்போ, அந்த ஊர் ஆளுங்க அங்கயும் வந்தாங்க. மேஸ்திரி வேலை அவங்களுக்கு, பாறை உடைக்கிறது பெரும்பாலும் நம்ம ஆளுங்க. மூணு கிலோமீற்றருக்கும் மேல ஆழம் போனது அது.

2017இல போய்ப் பார்த்தேன். பெரியப்பா ஒருத்தர் இன்னும் அந்த லைன் வீட்டுலதான் இருக்காரு. "கீழ பாறை வெடிச்சா மேல தட்டு சட்டியெல்லாம் அதிரும். ஒடனே பொம்பளைங்க எல்லாம் குழி வாசலுக்கு ஓடுவாங்க, யார் வீட்டு ஆள் மேல வர்றாங்கன்னு பார்க்க"ன்னு சொன்னாரு. 2001 பெப்ரவரி 28இல மூடிட்டாங்க. ஊர் நடுவுல சயனைட் கழிவு மண் மேடு மேடா கெடக்கு. காத்தடிச்சா சோத்துல வந்து விழுது.

தெஹிவளை நிலா:

அன்ரி, லெவன்ற்றுக்குப் பக்கத்திலயே கீவர் எண்ட சுரங்கம் இருக்கு, பார்த்தீங்களா? 1985 ஒக்டோபரில உலகத்தில வெள்ளீய விலை படுத்ததால 1990இல மூடினது. இப்ப மியூசியம். நான் படிக்கப் போன காலத்தில பார்த்தனான். ஆக்கள் உடுப்பு மாத்திற அறையை அப்படியே விட்டிருக்கினம். கொளுக்கியில ஓவரோல், கீழ பூட்ஸ், துணியில சிவப்பு மண் காய்ஞ்சு கிடக்கு. நாளைக்கு வேலைக்கு வரப்போற மாதிரி. அங்க நிண்டு கதைக்கவே மனம் வரேல்லை.

அலைகரை (வெள்ளவத்தை):

நிலா பிள்ளை, கீவருக்குப் போக நேரம் கிடைக்கேல்லை. அடுத்த முறை கட்டாயம் போவன். தம்பி, உங்கட பெரியப்பாவிட்ட இன்னும் கேட்டு எழுதுங்கோ, அவர் இருக்கேக்கயே கேளுங்கோ.

ஒண்டு எழுத மறந்திட்டன். அந்தச் சுரங்கங்களில மேல நிண்டு சுத்தியலால கல்லுடைச்சது பொம்பிளையள். வெயில் படாமல் பெரிய வெள்ளைத் துணித் தொப்பி. அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு எங்கட கொழும்புதான் ஞாபகம் வந்தது. இஞ்ச காரீயம் (பென்சிலுக்குள்ள இருக்கிற கறுப்புப் பொருள்) ஏற்றுமதி செய்த காலத்தில ஸ்ரோர் முற்றங்களில நிலத்தில குந்தியிருந்து அதைத் தரம் பிரிச்சதும் பொம்பிளையள்தான். கை, முகம் எல்லாம் கறுப்புப் படிஞ்சு. அவையளின்ர பேரப்பிள்ளையள் ஆரும் இருந்தா, கேட்ட கதையளை இதில எழுதுங்கோ.

வந்தவுடன அம்மான்ர பித்தளைப் பானையை இறக்கிப் பார்த்தன். அடியில ஈயம் தேய்ஞ்சு மஞ்சள் தெரியுது. கொழும்பில இப்பவும் ஈயம் பூசுற ஆக்கள் ஆரும் இருந்தா எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்கோ.