புதுப்பிப்பு: காக்ளியா மாதிரியை ஓட்டிப் பார்த்தாயிற்று

போன இழையில் கார்ஃபேக் பற்றி எழுதியிருந்தேன். உள்காதில் ஒலியை உணரும் பகுதியான காக்ளியாவின் வேலையைக் கணினி நிரலாக்கிய மாதிரி அது. ரிச்சர்ட் லயன் உருவாக்கியது, கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது. "ஃபூரியே மாற்றம் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணித முறை அது. நியாயமான கேள்விதான். பைத்தான் வடிவத்தை ஓட்டிப் பார்த்தேன்.

ஃபூரியேவுக்கு மெல்லிய ஒலியும் பலத்த ஒலியும் ஒன்றுதான். காது அப்படி இல்லை. சுமார் 35 மில்லிமீட்டர் நீளக் காக்ளியாவில் 'வெளி மயிரணுக்கள்' என்ற நுண்ணிய செல்கள் மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும், பலத்ததை அவ்வளவாகத் தொடாது. கார்ஃபேக்கில் இது சங்கிலியாகக் கோத்த வடிகட்டிகள். ஒலி கூடக்கூட தணிப்பும் தானாகக் கூடும்.

அப்புறம் மாதிரியில் அந்த மயிரணுக்களின் நலத்தைக் குறைத்துவிட்டேன். மாதிரி தரும் ஒலிப் படத்தில் கிசுகிசுப்பு மங்கிப்போயிற்று. சத்தமான பேச்சு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் "என்ன சொன்னே?" என்பார்கள், குரலை உயர்த்தினால் "ஏன் கத்துறே?" என்பார்களே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. 1000, 1200 ஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 800இல் ஒரு சிறு மேடு! நாம் கொடுக்காத ஒலி. நிஜக் காதிலும் இது பிறக்கும், வெளியேயும் கசியும். பச்சிளங்குழந்தைகளின் செவிச் சோதனையில் ஒரு வகை இதைத்தான் அளக்கிறது. கார்ஃபேக்கில் அலை முன்னோக்கி மட்டுமே போவதால் அந்தக் கசிவு தெரியாது. அது வேண்டுமென்றால் பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகத்தில் சாரா வெர்ஹுல்ஸ்ட் குழுவின் மாதிரியைப் பாருங்கள், நிரல் பொதுவில் கிடைக்கிறது. பொறுமை வேண்டும், மெதுவாகத்தான் ஓடும்.